கொயம்பு கோவிந்தம்மா

கோவிந்தம்மாவின் தலையில் கூடை நிற்காது. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் பிறந்த பெண்ணுக்கு அதைவிடப் பெரிய குறை வேறில்லை. சும்மாடு கோணும், கூடை சரியும், பாதி மீன் மண்ணில் கிடக்கும். அக்கா பூவம்மாதான் பின்னாலேயே வந்து பொறுக்கிப் போடுவாள். தாய் இல்லாத வீடு. தங்கையைவிட ஆறு வயது மூத்த பூவம்மாதான் அவளுக்குத் தலை வாரி, சோறு போட்டு, அடித்து, அணைத்து வளர்த்தவள்.

கூடை சுமக்க வராத கோவிந்தம்மாவுக்கு வேறொன்று வந்தது. ராயபுரத்துத் தெருக்களில் அக்காவோடு மீன் விற்கப் போய்விட்டு வந்தால், அன்றைக்குப் பேரம் பேசிய அத்தனை பேரையும் சாயங்காலம் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். மூக்கைப் பொத்திக்கொண்டு விலை கேட்ட குமாஸ்தா பெண்டாட்டி, செவுளைத் தூக்கிப் பார்த்துப் பார்த்தே மீனைக் குழைய வைக்கும் கிழவர், எல்லோரும் வருவார்கள். குப்பமே கூடிச் சிரிக்கும். அப்பா திருமலை மட்டும் வலையைப் பிரித்தபடி, "போதும்டி, பொம்பளை வாய் இம்மாம் நீளம் ஆவாது" என்பார். சொல்லும்போதே அவர் மீசை துடிக்கும்.

ராயபுரத்தில் ஒரு நாடகக் கம்பெனி வாடகைக்கு இருந்தது. முதலாளி கிருஷ்ணப்பன். கம்பெனி சமையல்காரன் பூவம்மாவின் வாடிக்கை. ஒரு நாள் அவன் உள்ளே பாத்திரம் எடுக்கப் போன நேரத்தில், கோவிந்தம்மா அவனைப்போலவே வயிற்றை முன்னால் தள்ளி நடந்து காட்டினாள். அடுத்து முதலாளி கிருஷ்ணப்பன் அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு நடிகர்களைத் திட்டும் விதம். பூவம்மா கண்ணைக் காட்டியும் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தால் கிருஷ்ணப்பனே நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பெண் யாரம்மா?" என்று பூவம்மாவைக் கேட்டார்.

"என் தங்கச்சிதாங்க. அறியாத புள்ள. மன்னிச்சிக்கினு வுட்ருங்க."

"விடுவதாவது? நாளைக் காலையில் அழைத்துக்கொண்டு வா."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. கோவிந்தம்மாவுக்குப் பதினெட்டு வயது. வீட்டில் ரகளையானது. "கூத்தாடிங்களோட பொண்ணை அனுப்பிட்டு நான் கரையில எப்டி நடப்பேன்?" என்று திருமலை கத்தினார். பூவம்மா அப்போதுதான் நீலமேகத்தைக் கட்டிக்கொண்டு அடுத்த குடிசையில் இருந்தாள். வந்து நடுவில் நின்றாள்.

"இவ தலையில கூடை நிக்காது நைனா. வலையும் பின்ன வராது. எவனைக் கட்டினாலும் ஒரு மாசத்துல அவன மாதிரியே பேசிக் காட்டி ஒதை வாங்கிகினு வந்துருவா. போவட்டும். கெட்டுப்போனா என்னக் கேளு."

அந்த ஒரு வார்த்தையில்தான் கோவிந்தம்மா நாடகக்காரி ஆனாள்.

கம்பெனியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ராமதாஸ் வாத்தியார். அவருக்கு அவளுடைய குரல் பிடித்தது, முகபாவம் பிடித்தது. பேச்சைக் கேட்டால் மட்டும் காதைப் பொத்திக்கொள்வார். மேடையில் ராஜமாதா 'இன்னாபா' என்றால் எப்படி இருக்கும்? ஒரு 'கீது' வாயிலிருந்து விழுந்தால் ஒரு வேளைக் காப்பி கிடையாது என்று சட்டம் போட்டார். முதல் இரண்டு மாதம் கோவிந்தம்மா காப்பியின் நிறத்தையே பார்க்கவில்லை. 'மழை', 'பழம்', 'வாழை' என்று காலையிலிருந்து உச்சிவரை சொல்லிச் சொல்லி நாக்கு நுனி புண்ணாகிப்போகும். இரண்டாவது வருஷத்தில், திரைக்குப் பின்னாலிருந்து கேட்பவர்கள் ஏதோ பெரிய வீட்டு அம்மாள் பேசுகிறாள் என்று நினைக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். குப்பத்துக்கு வந்தால் மட்டும் குப்பத்துப் பேச்சு. செருப்பை வாசலில் விடுவதுபோல மேடைப் பேச்சை அவள் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போவாள், திரும்பிப் போகும்போது மாட்டிக்கொள்வாள்.

கதாநாயகி வேஷம் அவளுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. பெரிய எலும்பு, அகன்ற நெற்றி, கனத்த குரல். இருபத்தோரு வயதில் தலைக்கு வெள்ளை அடித்து, நாற்பது வயதுக் கதாநாயகனுக்கு அம்மாவாக நின்றாள். ராஜமாதா, முனிவர் மனைவி, கொடுமைக்கார மாமியார், குழந்தையைப் பறிகொடுத்தவள். சோகக் காட்சியில் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோரமாகச் சரிந்தால் பெஞ்சு டிக்கெட்டில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். அதைக் கேட்கத்தான் அவள் ஊர் ஊராகப் புழுதியில் அலைந்தாள்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியானபோது கம்பெனியும் மூட்டை கட்டித் தெற்கே போனது. மதுரை, காரைக்குடி, தூத்துக்குடி என்று நான்கு வருஷம். இதற்குள் திருமலை காலமாகிவிட்டார். கம்பெனி திரும்பி வந்தபோது பூவம்மாவின் மடியில் அம்மு என்று ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. "தோ பார், உன் சின்னம்மா" என்று காட்டினாள் பூவம்மா. நீலமேகம் சிரித்துக்கொண்டே, "வாங்க ராஜமாதா, குந்துங்க" என்று மணையை எடுத்துப் போட்டான்.

அந்த ஐப்பசியில்தான் அது நடந்தது. மழைக்காலம் என்று கம்பெனிக்கு விடுமுறை. கோவிந்தம்மா குப்பத்தில் இருந்தாள். விடியற்காலையில் போன மூன்று கட்டுமரங்களில் இரண்டு திரும்பின. நீலமேகத்தின் மரம் வரவில்லை.

பூவம்மா அழவில்லை. கரையில் நின்றுகொண்டு, கடலைப் பார்த்து, வீட்டுத் திண்டாட்டத்தைச் சொல்வதுபோலப் புருஷனைத் திட்ட ஆரம்பித்தாள்.

"யோவ், எம்மா நேரம்யா? கொயம்பு ஆறிகினு கீது. வஞ்சரத்தோட வரேன்னு சொல்ட்டுப் போன. வெறுங்கையா வந்தாலும் நான் ஒன்னியும் கேக்க மாட்டேன், வா. உன் சொக்காவ தொவைச்சி மட்ச்சி வச்சிக்கீறேன். எவனாண்ட குந்திகினு கதை அளந்துகினு கீற? புள்ள துன்னாம குந்தினு கீதுயா. வா வூட்டுக்கு."

மூன்று நாள். தொண்டை கட்டிப்போய், குரல் வெறும் காற்றாக வரும்வரை. பக்கத்துப் பெண்கள் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மரம் மட்டும் வடக்கே கரை ஒதுங்கியது. அதைப் பார்த்ததும் பூவம்மா பேச்சை நிறுத்தினாள். குளித்தாள், உட்கார்ந்தாள், மற்றவர்கள் செய்வதைச் செய்யவிட்டாள். பதினாறாம் நாள் முடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். நீலமேகத்தைப் பற்றி அதற்கப்புறம் அவள் யாரிடமும் பேசியதே இல்லை.

இரண்டு வருஷத்தில் கிருஷ்ணப்பனின் கம்பெனி படுத்தது. ஊர் முழுக்க சினிமா. ராமதாஸ் வாத்தியார் தனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவுக்குச் சீட்டுக் கொடுத்தனுப்பினார். ராயபுரத்தில் ஓர் ஒண்டுக் குடித்தன அறை எடுத்துக்கொண்டு கோவிந்தம்மா கோடம்பாக்கத்துக்குப் போய்வர ஆரம்பித்தாள். இங்கேயும் அம்மா, மாமியார், ஆயா. ஒரு படத்தில் மூன்று வசனம் வரும், ஒரு படத்தில் அதுவும் வராது. பூவம்மா கொட்டகைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வந்தியேன்னு பாக்கறதுக்குள்ள பூட்டியே" என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

ஐம்பத்தொன்றில் தண்டபாணி என்ற டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். படத்தில் ஒரு மீன்காரி வேஷம். பட்டணத்துப் பேச்சு சுத்தமாக வர வேண்டும். நாலு பேரை வைத்துப் பார்த்தாராம், எல்லோரும் கூத்தில் கோமாளி பேசுவதுபோலப் பேசினார்களாம்.

"நீங்கள் அந்தப் பக்கத்து ஆளாமே?"

"ஆமாங்க."

"புருஷன் கடலுக்குப் போய் வரவில்லை. கரையில் நின்று புலம்புகிறீர்கள். அவ்வளவுதான் சீன்."

எழுதிக் கொடுத்த வசனம் 'என் ராசாவே, என்னை விட்டுப் போனாயோ' என்று போனது. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். கட்டையாக வந்தது. மூன்றாவது தடவைக்கு முன்னால் அவள் டைரக்டரைப் பார்த்து, "நானே சொந்தமா சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி ஏன் கேட்டோம் என்று பிற்பாடு எத்தனையோ நாள் அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். நீலமேகத்துக்காகக் குப்பத்து நாற்பது குடும்பம்தான் அழுதது, ஊரே அழட்டும் என்ற ஆசை இருந்தது, அது பொய்யில்லை. இதை என்னைப்போல் எவளாலும் செய்ய முடியாது என்ற கர்வமும் இருந்தது. அதுவும் பொய்யில்லை.

விளக்குப் போட்டார்கள். ஸ்டூடியோவில் கொட்டியிருந்த மணல்மேல் நின்று, துணியில் வரைந்த கடலைப் பார்த்து, "யோவ், எம்மா நேரம்யா?" என்று ஆரம்பித்தாள். சொக்கா வந்தது, வஞ்சரம் வந்தது, பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பது வந்தது. முடித்தபோது விளக்குப் பிடித்த ஆட்கள் கண்ணைத் துடைத்தார்கள். மேக்கப்காரர் ஸ்டானிஸ்லாஸ் கையில் பவுடர் பஃபை வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். "ஓகே" என்றார் தண்டபாணி.

பொங்கலுக்குப் படம் வந்தது. கோவிந்தம்மா குப்பத்துக்கே போய் அக்காவை அழைத்தாள். "நீ வந்தே ஆவணும்க்கா. உனக்காவத்தான் பண்ணிக்கீறேன்." என்ன பண்ணியிருக்கிறாள் என்று சொல்லவில்லை. பூவம்மா இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, அம்முவையும் ஆறேழு குப்பத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ராயபுரத்துக் கொட்டகையில் பெண்கள் பக்கம் வரிசையாக உட்கார்ந்தார்கள். கோவிந்தம்மா அக்காவின் இடப்பக்கம்.

கடற்கரைக் காட்சி வந்தது. கோவிந்தம்மாவின் முகம் திரை நிறைய நின்றது. "யோவ், எம்மா நேரம்யா?" பூவம்மாவின் கை சட்டென்று தங்கையின் முழங்காலைப் பிடித்தது. அந்தப் பிடியில் கோபம் இல்லை. கூட்டத்தில் தன் பிள்ளையின் குரலைக் கேட்டவள் பிடிப்பதுபோல இருந்தது.

அடுத்த நொடி திரையில் ஒரு கவிழ்த்த படகு. அதன் பின்னால் படத்தின் காமெடி நடிகர், குடித்துவிட்டுக் குந்திக்கொண்டு, பெண்டாட்டி கத்துவதைக் கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் புருஷன். கடலுக்கே போகவில்லை. கொட்டகை கொல்லென்று சிரித்தது. "கொயம்பு ஆறிகினு கீது" என்று கோவிந்தம்மா சொல்ல, அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். பின்னணியில் 'பொய்ங்' என்று ஒரு வாத்தியம். "சொக்காவ தொவைச்சி மட்ச்சி வச்சிக்கீறேன்." அவர் தன் கிழிந்த சட்டையை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். தரை டிக்கெட்டில் ஒருவன் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினான். கோவிந்தம்மாவின் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சிரிப்பு. அந்த ஆளை வைத்து வேறொரு நாள் எடுத்ததை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

முழங்காலிலிருந்து பூவம்மாவின் கை எப்போது விலகியது என்று கோவிந்தம்மாவுக்குத் தெரியாது. குப்பத்துப் பெண்கள் திரையைப் பார்க்கவில்லை, பூவம்மாவையும் பார்க்கவில்லை, குனிந்திருந்தார்கள். படம் முடியும்வரை பூவம்மா எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"நல்லா சிரிச்சாங்க. நான் வரேன்."

பஸ்ஸுக்குக்கூட நிற்காமல், அம்முவின் கையைப் பிடித்துக்கொண்டு கடலோர ரோட்டில் வடக்கே நடந்துபோனாள்.

மறுநாள் கோவிந்தம்மா தண்டபாணியின் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். அந்தக் காட்சியை எடுத்துவிடும்படி கும்பிட்டுக் கேட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளை உட்காரவைத்து, நிதானமாகத்தான் சொன்னார்.

"அம்மா, நீங்கள் நிஜமாக அழுதீர்கள். அதனால்தான் ஜனங்கள் சிரிக்கிறார்கள். அழுகிற மாதிரி நடித்திருந்தால் ஒருத்தன்கூடச் சிரித்திருக்க மாட்டான். படமே அந்த ஒரு சீனில்தான் ஓடுகிறது. அதை எடுக்கச் சொல்கிறீர்களே!"

படம் ஓடியது. வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும், மீன்காரி யாரைப் பார்த்தாலும் பையன்கள் "யோவ், கொயம்பு ஆறிகினு கீது!" என்று கூவினார்கள். திருவொற்றியூர் மார்க்கெட்டிலும் கூவினார்கள். அங்கே உட்கார்ந்து மீன் விற்றவள் பூவம்மா. கூவியவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு கடைப் பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குடிசையை விட்டுவிட்டு, அம்முவோடு எண்ணூருக்குப் போய்விட்டாள். கழிமுகத்தில் நண்டும் இறாலும் வாங்கி விற்பதாகக் கேள்வி.

கோவிந்தம்மா தேடிக்கொண்டு போனாள். பூவம்மா கதவைச் சாத்தவில்லை. தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொன்னாள்.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. என்னை ஏமாத்திட்டாங்க."

"தெரியாதுன்னு தெரியும்."

"அப்பால ஏன்க்கா என்னாண்ட பேச மாட்டேன்ற?"

பூவம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தாளு பூட்டப்ப நான் அயுதேன்னு நெனச்சிகினு இருந்தேன் கோயிந்து. அது தமாசுன்னு அன்னிக்கு கொட்டாயிலதான் தெரிஞ்சிது. இப்ப அந்தாள நெனச்சாலே அந்தக் குடிகாரன் மூஞ்சிதான் வருது. நீலமேகம் மூஞ்சி வர மாட்டேங்குது. நீ போ. உம்மேல கோவம் இல்ல. உன் கொரலைக் கேக்க முடியல, அவ்ளோதான்."

அதற்குப் பிறகு ஆறு வருஷம் கோவிந்தம்மா எண்ணூருக்குப் போகவில்லை. ஆள் மூலமாகப் பணம் அனுப்பினால் திரும்பி வந்துவிடும். அம்முவுக்குப் பாவாடைத் துணி அனுப்பினால் மட்டும் திரும்பி வராது.

இதற்குள் அவள் பெரிய நடிகை ஆகிவிட்டாள். படத்துத் தலைப்பில் 'கொயம்பு' கோவிந்தம்மா என்று தனி அட்டை. மீன்காரி, இட்லிக்காரி, கைவண்டிக்காரன் பெண்டாட்டி, கான்ஸ்டபிளை விளக்குமாற்றால் விரட்டுகிறவள். வருஷத்துக்கு நாலு படம், ஐந்து படம். வாயைத் திறந்தால் சிரிப்பு. அந்த மீன்காரிப் படத்துக்கப்புறம் 'மாட்டேன்' என்று இரண்டு வேஷத்தைத் திருப்பி அனுப்பிப் பார்த்தாள். அம்மா வேஷம் கேட்டாள். "உங்களை அம்மாவாகப் போட்டால் ஜனங்கள் ஏமாந்துபோவார்கள்" என்றார்கள். நாலு மாதம் வேலை இல்லாமல் ராயபுரத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது மாதம் கூப்பிட வந்த வண்டியில் ஏறிவிட்டாள். வேறு தொழில் அவளுக்குத் தெரியாது.

ஒரு விசித்திரம் நடந்தது. கேமராவுக்கு முன்னால் வந்த அந்தப் பேச்சு வெளியே அவள் வாயில் வருவதே நின்றுபோனது. காய்கறிக்காரியிடமும், எதிர் அறை ஷம்ஷாத்திடமும் ராமதாஸ் வாத்தியார் சொல்லிக் கொடுத்த தமிழையே பேசினாள். "ஏன் அக்கா புத்தகம் மாதிரி பேசறீங்க?" என்று ஷம்ஷாத் சிரிப்பாள். குப்பத்துப் பேச்சுப் பேசினால் யாரையோ பார்த்துப் பழிப்பதுபோல அவளுக்கே ஒலித்தது.

ஐம்பத்தைந்தில் ராமதாஸ் வாத்தியார் வந்தார். கண் பார்வை மங்கியிருந்தது. ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்காக ஒரே ஒரு நாள் பழைய நாடகம் போடுவதாகவும், ராஜமாதாவாக அவள்தான் நிற்க வேண்டும் என்றும் கேட்டார். பத்து நாள் ஒத்திகை. ஒரு எழுத்துப் பிசகவில்லை. அன்று கொட்டகை நிறைந்த கூட்டம். வெள்ளைப் புடவையும் நரைத்த தலையுமாக அவள் மேடைக்கு வந்து, இறந்த மகனின் தலைமாட்டில் மண்டியிட்டு, "மகனே" என்றாள்.

சிரித்தார்கள். முதலில் பின்வரிசை, பிறகு எல்லோரும். ஒருவன் எழுந்து, "கொயம்பு ஆறிப்போச்சா ஆயா?" என்று கேட்டான். கெட்ட எண்ணத்தோடு கேட்டவனில்லை, ஆசையாகத்தான் கேட்டான். செத்துக் கிடந்த நடிகனுக்கே வயிறு குலுங்கியது. கோவிந்தம்மா மீதி வசனத்தை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். உள்ளே வந்ததும் ராமதாஸ் வாத்தியார் அவள் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "நன்றாகச் செய்தாயம்மா, நன்றாகச் செய்தாய்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஐம்பத்தெட்டு மாசியில், ஒரு காலை, கதவைத் தட்டி ஒரு பெண் நின்றாள். உயரம், அகன்ற நெற்றி. கோவிந்தம்மாவுக்குத் தன்னையே பார்ப்பதுபோலத் திக்கென்றது.

"நான் அம்மு. அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்துக்கீது. வவுத்துல கட்டி. அறுக்க முடியாதுன்ட்டாங்க. அம்மா கூட்டியாரச் சொல்லல. நானா வந்தேன்."

பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. பூவம்மா பாதியாகிப் போயிருந்தாள். கட்டிலோரம் நின்ற கோவிந்தம்மா, "எப்படி இருக்கிறாய் அக்கா? வலி அதிகமாக இருக்கிறதா?" என்று கேட்டாள்.

பூவம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். "இன்னாத்துக்கு என்னாண்ட டிராமா பேச்சு பேசுற?"

"இல்லை அக்கா... நம் பேச்சைப் பேசினால் கேலி செய்கிறேன் என்று நீ..."

"அடிப்பாவி. ஆறு வருசமா இப்டித்தான் பேசிகினு கீறியா?"

கோவிந்தம்மா தலையை ஆட்டினாள்.

"நாயி மோந்துச்சின்னு கூடை மீனையும் கடல்ல கொட்டுவாங்களா? குந்து. வாயத் தொறந்து ஒயுங்கா பேசு."

கோவிந்தம்மா உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். முதலில் அழுகைதான் வந்தது. அப்புறம், "எம்மா இளைச்சிப் பூட்டக்கா" என்றாள்.

அந்தப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் இவள் யாரென்று கண்டுகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பூவம்மா தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

இருபத்து மூன்று நாள் கோவிந்தம்மா படப்பிடிப்பு இல்லாத நேரமெல்லாம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கஞ்சி புகட்டினாள், காலைப் பிடித்துவிட்டாள். அப்பாவைப் பற்றியும், ராயபுரத்துக் கிழவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பது பற்றியும் பேசினார்கள். அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு நாள் கோவிந்தம்மாதான் கேட்டாள்: "என்ன மன்னிச்சிட்டியாக்கா?"

"மறந்தாதானே மன்னிக்கறதுக்கு" என்றாள் பூவம்மா. சற்றுக் கழித்து, "நாளிக்கு வரப்ப அம்முவுக்கு சீப்பு ஒண்ணு வாங்கியா. அவ சீப்பு பல்லு ஒடஞ்சிப் போச்சி" என்றாள்.

மறுநாள் சீப்போடு வந்தாள். அதற்கடுத்த நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு, அம்மு டீ வாங்கப் போயிருந்தபோது, பூவம்மா போய்விட்டாள்.

எண்ணூரில்தான் அடக்கம். கூட்டத்தில் பக்கத்து வீட்டு வேம்பு, கோவிந்தம்மாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் கிட்டே வந்தாள். "நீ இவளுக்குக் கூடப்பொறந்தவளா? மெய்யாலுமா? ஆறு வருசமா பக்கத்துல கீறோம், ஒரு வார்த்த சொன்னதில்லியே. உன் படம் வந்துகீது, போலாம் வாடின்னு எத்தினியோ தபா கூப்ட்டுக்கீறேன். தலைவலின்னும்."

"எனக்குத் தெரியும்" என்றாள் கோவிந்தம்மா. தெரியாது. அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

ஆறாம் நாள் ஸ்டூடியோ வண்டி வந்தது. செட் போட்டாகிவிட்டது, மூன்று பெரிய நடிகர்களின் தேதி, தள்ள முடியாது. ஸ்டானிஸ்லாஸ் அவள் கண்ணைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இமைமேல் வைத்தார்.

"முடியாதுன்னு சொல்லிடட்டுமாம்மா? நான் சொல்றேன்."

"வாணாம்பா. போடு."

இட்லிக்காரி, கான்ஸ்டபிளோடு சண்டை. ஒரே டேக்கில் முடிந்தது. செட் முழுக்கச் சிரித்தது. விளக்கை அணைத்ததும் கோவிந்தம்மா மேக்கப்பைக்கூட முழுசாகக் கலைக்காமல் சென்ட்ரலுக்கு வந்து எண்ணூர் வண்டியில் ஏறினாள்.

வெயில் தாழ்ந்த நேரம். அம்மு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"சாப்ட்டியா?"

"இல்ல."

"நானும் இல்ல. நாளிக்கும் எனக்கு வேலை கீதுடி. காலையில ஆறு மணிக்கு வண்டி வந்துரும். உன்ன இங்க தனியா வுட்டுட்டுப் போவ முடியாது. எங்கூட வரியா?"

அம்மு உள்ளே போனாள். பூவம்மாவின் இரண்டு புடவையையும், தன் பாவாடை தாவணிகளையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு வந்தாள். கூடை மூலையில் கிடந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று சின்னம்மாவைப் பார்த்தாள். கோவிந்தம்மா, "வேம்புக்குக் குடுத்துடு. அதுக்கு உதவும்" என்றாள்.

வேம்பு கூடையை வாங்கிக்கொண்டாள், சாவியையும் வாங்கிக்கொண்டாள். போகும்போது கடல்காற்று அடிக்கிறது, காதை மூடிக்கொள்ளுங்கள் என்றாள். இரண்டு பேரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.